கதை எழுத வரம் வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் மாணவர் பேரவை ஆண்டுதோறும் கவிதை, கட்டுரை, சிறுகதை என்று மூன்று போட்டி வைக்கிறது. கவிதை கட்டுக்கட்டாக வந்து குவிகிறது. கட்டுரைக்கும் பழுதில்லை. சிறுகதைக்கு மட்டும் ஆளைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. பெயர் கொடுத்தவனும் கடைசி நாளில், "வரலை மச்சி, விட்டுடு" என்று நழுவிவிடுகிறான். ஏன்டா என்று கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்: "கதை எழுதறதுக்கெல்லாம் ஒரு இது வேணும்பா. நமக்கு அது இல்ல."

அந்த 'ஒரு இது' எது? சிலர் கற்பனை வளம் என்கிறார்கள். சிலர் பிறவி வரம் என்கிறார்கள். சரஸ்வதி கடாட்சம் என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் மூன்றுமே வெறும் பேச்சு. நாமே நமக்குச் சொல்லிக்கொண்டு, நாமே அதை நம்பியும் விடுகிறோம்.

கவனித்துப் பாருங்கள். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறவன் இந்தப் பேச்சைப் பேசுவதில்லை. அவன் எழுதுகிறான். சரியாக வராவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதுகிறான். 'நமக்கு வராது' என்பது யார்? என்னைப்போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள்தான். என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். நான் பள்ளிக்கூடம் சேரும்வரை எங்கள் வீட்டில் இருந்த அச்சடித்த காகிதம் என்று பார்த்தால் ரேஷன் கார்டு, தினசரி காலண்டர், பரண் மேல் சொருகி வைத்த கல்யாணப் பத்திரிகைகள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவனுக்கு, கதை என்பது வேறு யாரோ எழுதுவது, நாம் படிப்பதற்கு என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அது உண்மையா?

எங்க ஆயா கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் அது கதை சொல்ல ஆரம்பித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் சோறு கட்டிக் கொடுக்க முடியாமல் போன ஒரு காலையைப் பற்றி ஆயா ஒரு மணி நேரம் பேசும். அடுப்பு புகையும், விறகு ஈரம், கைப்பிள்ளை அழுகிறது, சங்கு ஊதப்போகிறது. என்ன நடந்தது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏ.எஃப்.டி. என்ற அந்த மில் 2020இல் அடியோடு மூடப்பட்டுவிட்டது. சங்கு இப்போது ஆயாவின் வாயில் மட்டும்தான் ஊதுகிறது.

ஆக, நம் வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை, சொல்லும் திறமைக்கும் பஞ்சமில்லை. பிறகு எங்கே அடைத்துக்கொள்கிறது?

பேனாவை எடுத்த அந்த நிமிஷத்தில்தான். பேனா கைக்கு வந்ததும் நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். 'மாலைக் கதிரவன் மேற்றிசையில் மறைந்துகொண்டிருந்தான்' என்று ஆரம்பிக்கிறோம். கதாநாயகனுக்கு ஆகாஷ் என்று பெயர் வைக்கிறோம். அவன் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். காதலிக்குக் கட்டாயம் தீராத நோய். இரண்டாம் பக்கம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. நிற்காமல் என்ன செய்யும்? அந்தக் கம்பெனிக்குள் காலையில் என்ன பேசிக்கொள்வார்கள், மேனேஜர் மதியம் எங்கே சாப்பிடுவார், ஒன்றும் நமக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்குள் இருட்டில் நுழைந்து லைட் சுவிட்சைத் தடவித் தேடுகிற நிலைமை அது. இதற்குப் போய்க் 'கற்பனை வறட்சி' என்று பெரிய பெயர் வைத்துவிட்டோம். உண்மையான பெயர் கூச்சம். நம்ம தெருவை, நம்ம வீட்டுப் பேச்சை, சித்தாள் வேலை பார்த்துவிட்டு வந்து அம்மா கால் நீட்டி உட்காருவதை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்களோ என்ற கூச்சம். இதுதான் என் கட்சி. மற்றதெல்லாம் இதற்கு ஆதாரம்.

ஆதாரத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். இதே புதுச்சேரியில், லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். கி. ராஜநாராயணன். கி.ரா. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பிறந்த ஊர் இது அல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கரிசல் காட்டு விவசாயி. பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. அவருடைய 'மாயமான்' கதை 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து! பதினெட்டு வயதில் 'இனிமே எங்க' என்று கை விரிக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கணும்.

அவர் என்ன செய்தார்? ஏட்டுத் தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து எழுதினாரா? இல்லை. ஊரில் திண்ணையிலும் களத்துமேட்டிலும் ஜனங்கள் பேசுகிற பேச்சையே காகிதத்தில் இறக்கினார். அந்தச் சொற்கள் அகராதியில் இல்லை என்றால், சொல்லை மாற்றிக்கொள்ளாமல் அகராதியையே புதிதாகச் செய்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அவர் தொகுத்த அகராதி 1982இல் வந்தது. கூச்சப்பட்டவர் செய்கிற காரியமா இது?

அவருடைய 'கதவு' கதையை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். ஓர் ஏழை வீட்டுக் கதவு. பிள்ளைகள் அதில் ஏறி ஆட்டி ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடும். தீர்வை பாக்கி என்று ஒரு நாள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லமாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் ஆகாஷ் எங்கே, கம்பெனி எங்கே? ஒரு கதவு, நாலு பிள்ளைகள், ஒரு பாக்கி. நம் வீட்டில் கதவு இல்லையா? பாக்கி இல்லையா?

1985இல் இங்கே மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. பட்டம் எதுவும் இல்லாத இந்த மனிதரை, அப்போதைய துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன் அழைத்து வந்து பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கே அவர் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, பாட்டிகளும் தாத்தாக்களும் சொல்லும் கதைகளை எழுதி வாங்கினார். அதாவது, கைநாட்டுப் போடுகிறவர்கள் சொல்கிற கதையைப் பல்கலைக்கழகத்தின் பாடமாக்கினார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021 மே 17ஆம் தேதி தொண்ணூற்றெட்டு வயதில் இங்கேதான் மறைந்தார். தமிழக அரசு அவர் உடலை இடைசெவலுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லாஸ்பேட்டையில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே அன்றைக்கு டி.வி. செய்தியில்தான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது.

'அப்போ கி.ரா. மாதிரி எழுதச் சொல்றியா?' என்று கேட்பீர்கள். இல்லை. அது கரிசல் பேச்சு. நாம் அதை எழுதினால் ஆகாஷுக்குப் பதில் வேறொரு காப்பி, அவ்வளவுதான். நம்ம ஊருக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறதே! சமையல் கட்டைக் குசினி என்கிறோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரைச் சொல்தா என்கிறோம். தமிழ்நாட்டுக்காரன் ஊராட்சி ஒன்றியம் என்றால் நாம் கொம்யூன் என்கிறோம். மாசிமகத்துக்கு எந்தெந்த ஊர்ச் சாமியோ வைத்திக்குப்பம் கடலுக்கு வருகிறது. 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுக்காரர்களின் குண்டுக்குச் செத்த ஊர் இது. இத்தனையும் வைத்துக்கொண்டு, எழுத ஒன்றும் இல்லை என்று சொல்ல நமக்கு எப்படி மனசு வருகிறது?

இன்னொரு உதாரணமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதி வழியாக மார்க்கெட்டுக்கு எத்தனை தடவை போயிருப்போம். அந்த ஆனந்தரங்கப் பிள்ளை டூப்ளே துரைக்குத் துபாஷியாக இருந்தவர், வியாபாரி. 1736இல் ஒரு நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து 1761 வரை, ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் எழுதினார். இலக்கியம் படைக்கிறேன் என்று அவர் உட்காரவில்லை. என்ன கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், துரை யார்மேல் கோபப்பட்டார், ஊரில் என்ன வதந்தி, எல்லாவற்றையும் அன்றைக்குப் பேசின தமிழிலேயே எழுதி வைத்தார். பிரெஞ்சுச் சொல், போர்த்துகீசியச் சொல் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பண்டிதர்கள் பார்த்தால் முகம் சுளிக்கும் தமிழ்தான். ஆனால் அந்தக் காலத்தில் இலக்கணம் பிசகாமல் எழுதிய எத்தனையோ ஏடுகளில் கேட்காத ஊர்ச் சத்தம் இதில் கேட்கிறது. பிரபஞ்சன் அதைப் பிடித்துக்கொண்டுதான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது. 1945இல் இதே ஊரில் பிறந்து, 2018 டிசம்பரில் இதே ஊரில் மறைந்தவர் அவர். தினம் நாலு வரி பேச்சுத் தமிழில் எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, இருநூறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு நாவலாசிரியருக்குச் சோறு போடும் என்று தைரியமாகச் சொல்லலாம்!

சரி, பேசுகிற மாதிரி எழுதிவிட்டால் கதை ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நம் படிப்பு உதவும் என்று நினைக்கிறேன். தமிழ் படிக்கிறவர்களைவிட நமக்கு இது சுலபமாகப் புரியும்.

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? கையில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைக் கொடுத்து, வைஸில் மாட்டு, அரம் போடு, நாலு பக்கமும் ஸ்கொயராகக் கொண்டு வா என்றார்கள். யாராவது 'எனக்கு அரம் போடும் வரம் இல்லை சார்' என்று சொன்னோமா? சொன்னால் விட்டிருப்பார்களா? கை கொப்பளிக்கக் கொப்பளிக்க ராவினோம். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தோம். எந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கே மேடு பள்ளம். மறுபடியும் அரம். மறுபடியும் வெளிச்சம்.

கதைக்கும் ஒரு ட்ரை ஸ்கொயர் இருக்கிறது. அது காது. எழுதியதை வாய்விட்டு ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ, எங்கே கேட்கிறவன் செல்போனை எடுக்கிறானோ, அங்கே வெளிச்சம் ஒழுகுகிறது. நான் ஆயாவிடம்தான் படித்துக் காட்டுவேன். அதற்கு 'சிறுகதை உத்தி' தெரியாது. ஆனால், "அந்தப் பொம்பள ஏன் அழுவுறா, நீ சொல்லவே இல்லையே" என்று கேட்கும். அல்லது, "அதான் முன்னயே சொல்லிட்டியே, திரும்ப எதுக்கு?" என்று கேட்கும். இதைவிட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. வாயால் சொல்லும்போது ஆயா கையை ஆட்டும், குரலை இறக்கும், நடுவில் வெற்றிலை போட்டுக்கொள்ளும். காகிதத்தில் கையும் குரலும் இல்லை. அதனால் பத்து வாக்கியத்தில் சொன்னதை மூன்றில் சொல்ல வேண்டும்; அந்த மூன்றும் சரியான மூன்றாக இருக்க வேண்டும். கி.ரா.வும் கேட்டதையெல்லாம் அப்படியே கொட்டிவிடவில்லை. எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அரம் போடும் வேலை.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர்ப் பக்கம் கரை கடந்ததே, ஒரே நாளில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதைப் பற்றி எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? 'இயற்கை அன்னை சீற்றம் கொண்டாள்.' பேனா அங்கேயே நின்றுவிடும். ஏனென்றால் அதற்குமேல் அந்த அன்னையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்தது வேறு. தண்ணீர் கட்டில் உயரம் வந்ததும் எதை மேலே தூக்குவது என்று சண்டை. அம்மா அரிசி மூட்டை என்கிறது. அப்பா மட்டப்பலகை, கரணை இருக்கும் பையைத் தூக்குகிறார், அது போனால் மறுநாள் வேலை இல்லை. நான் நோட்டுப் புத்தகப் பையோடு நிற்கிறேன். பரணில் இடம் ஒன்றுக்குத்தான். ஆயா மட்டும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "மொதல்ல என்னைத் தூக்குங்கடா" என்கிறது! இதில் புயல் என்ற வார்த்தையே வேண்டாம். யார் எதைத் தூக்கினார்கள் என்று சொன்னால் போதும், அந்த வீட்டில் யார் யாருக்கு எதைப் பற்றிப் பயம் என்று படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

எழுத முடியாமல் நின்றுபோவது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 'ஒரு புளியமரத்தின் கதை' என்ற நாவல் 1966இல் வந்த பிறகு சுந்தர ராமசாமி சில வருஷம் எழுதாமலே இருந்தார். பாரதியார் 1908 முதல் 1918 வரை நம்ம ஊரில் இருந்து எழுதிக் குவித்தவர். அவருடைய 'சந்திரிகையின் கதை'கூட முடியாமலே நின்றுவிட்டது, 1921இல் அவரும் போய்விட்டார். முடியாத கதையையும் இன்றைக்கு அச்சுப் போட்டுப் படிக்கிறோம். ஆகவே பாதியில் நின்ற நோட்டை யாரும் எரிக்காதீர்கள். அடுத்த வருஷம் அதில் ஒரு வரி உதவும்.

இப்போது புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது. செல்போனில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கதை எழுதிக் கொடுத்துவிடுகிறது. போட்டிக்கு அப்படிக் கதை வரத்தான் செய்யும், தடுக்க முடியாது. எனக்கு அதில் கோபம்கூட இல்லை. ஆனால் அதில் வருகிற கதாநாயகனும் பெரும்பாலும் ஆகாஷாகத்தான் இருக்கிறான். பரணில் எதைத் தூக்குவது என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை அதற்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தானே தெரியும். சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் நாமே எழுதிவிடலாமே.

சீனியர் அண்ணன் ஒருவர் என்னிடம், "கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெடி ஆகுறத விட்டுட்டு கதையாடா எழுதுற? இது சோறு போடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் அப்பாவும் இதையேதான் கேட்பார், வேறு வார்த்தையில். டிப்ளமா முடித்து வேலைக்குப் போகத்தான் நான் வந்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்க ஆயாவுக்கு வயது எழுபத்தெட்டு. வேலை கிடைத்து, பைக் வாங்கி, வீடு கட்டி, அதற்கப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து எழுதலாம் என்றால் மில் சங்கு எனக்காகக் காத்திருக்காது. அண்ணனுடைய வீட்டிலும் ஒரு ஆயா இருக்கும்.

பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று. சிறுகதைப் போட்டிக்கு 'நாட்டுப்பற்று', 'தாய்மை' என்று தலைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள். தலைப்பைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு மாலைக் கதிரவன் வந்துவிடுகிறான். ஒரு மணி நேரம் ஹாலில் உட்கார வைத்து எழுது என்பதை விட்டு, ஒரு மாதம் தவணை கொடுங்கள். அரம் போட நேரம் வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையாது என்று விதியிலேயே எழுதிப் போடுங்கள்.

இதற்கு மேல் ஒன்று நாமே செய்யலாம், யார் அனுமதியும் தேவையில்லை. மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை. நாலு முழுத்தாள், இரண்டு பேனா, ஒரு பசை டப்பா, மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்தான் வரும். அவரவர் வீட்டு ஆயாவிடமோ தாத்தாவிடமோ கேட்ட ஒரு கதை, ஒரு பக்கத்துக்கு மிகாமல். மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படிக்குக் கீழே பழைய நோட்டீஸ் போர்டு ஒன்று காலியாகக் கிடக்கிறது. கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும். முதல் இதழுக்கு நான் சங்குக் கதையைத் தருகிறேன். இரண்டாவது பக்கத்துக்கு யார் பெயர் கொடுக்கிறீர்கள்?